சனிக்கிழமைக் குளியல்

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது நான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய குறுநாவலைப் பாடத்தில் வைத்திருக்கிறார்களாம், இரண்டாம் ஆண்டு தமிழ் படிக்கிற பெண்களுக்கு. ஒருநாள் நேரில் வந்து அவர்களோடு பேச வேண்டும் என்றார் துறைத் தலைவி. கையெழுத்துப் பிரதி இருந்தால் கொடுங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம் என்றும் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஆவுடையார்கோவிலில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, புதுக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டுமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அறுபது வயதுக்கு மேல் வருகிற புகழைக்கூட பஸ்ஸில் நின்றுகொண்டே போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நான் நர்சாக இருந்தவள். மணமேல்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, ரெஜிஸ்டர் எழுதியே தலை நரைத்து ஓய்வுபெற்றேன். கதைகள் எழுதியது அதற்கு நடுவில். உறவுக்காரர்கள் 'அவ கதை எழுதுவா' என்று சொல்வதும் 'அவளுக்குச் சர்க்கரை இருக்கு' என்று சொல்வதும் ஒரே குரலில்தான் இருக்கும்.

என் எழுத்தோடு சம்பந்தப்பட்ட ஒரே ஆள் என் கணவர். தாலுகா ஆபீசில் தட்டச்சராக இருந்தவர். நான் நீள நோட்டில் கையால் எழுதுவேன், அவர் டைப் அடித்துத் தருவார். முதலில் டைப்ரைட்டரில், பிறகு மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில். கதை நன்றாயிருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எத்தனை காப்பி வேணும்?" என்று கேட்பார், அவ்வளவுதான் விமர்சனம். ஒவ்வொரு பத்தியும் அடித்து முடித்ததும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். அது ஆபீஸ் பழக்கம்.

இனி அந்தக் குறுநாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்க்கும் நம் ஊர் இளைஞன். அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சூடான் நாட்டுப் பெண். ஒரு கோடைகாலம், மூன்று மாதம், இருவரும் பழகுகிறார்கள். பிறகு அவள் ஊருக்குப் போய்விடுகிறாள். அவன் வழியனுப்பக்கூடப் போகவில்லை. கதை அவ்வளவுதான். அவனே சொல்வதுபோல் எழுதியிருந்தேன்.

அப்படி ஒரு ஸ்டோர் கீப்பர் கிடையாது. அந்த ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள் நான். ரத்தம் பரிசோதித்த சூடான்காரர் ஓர் ஆண்.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போயிருந்தேன். திரும்பி வந்த நான்காவது மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவரிடம் நான் இதைச் சொன்னதில்லை. முதல் வருஷம் சொல்லப் பயமாக இருந்தது, அதற்கப்புறம் சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டது. வளைகுடாவுக்குப் போய்வந்த ஆண் அங்கே ஒரு பெண்ணோடு பழகினான் என்றால் ஊர் கண்ணடித்துச் சிரிக்கும். போய்வந்த பெண் என்றால் அவளுடைய மகளைப் பெண் கேட்டு வருகிறவன்கூட யோசிப்பான். இருந்தாலும் அந்த மூன்று மாதத்தை எழுதாமல் சாகக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். டைப் அடிப்பவர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் எழுதவும் முடியாது, தெரிகிற மாதிரி எழுதவும் முடியாது. அதனால் எனக்கு நானே மீசை வைத்துக்கொண்டேன். புத்தகம் வந்து பதினோரு வருஷமாகிறது. அத்தனை வருஷமும் நான் பயந்தது ஒன்றுக்குத்தான், இவருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

கல்லூரிக்கு ஒரு வியாழக்கிழமை போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மார்ச் மாத வெயிலில் அதைத் தோளில் போட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்க சார்ட் ஒட்டியிருந்தார்கள். 'குறுநாவலின் இலக்கியக் கூறுகள்' என்று தலைப்பு. களம், காலம், பாத்திரப் படைப்பு, நோக்குநிலை, குறியீடு, முரண் என்று ஸ்கெட்ச் பேனாவில் ஒவ்வொன்றாக எழுதி, பூ வரைந்திருந்தார்கள். செத்த உடம்பை அறுத்துப் பாகத்துக்குப் பெயர் எழுதி வைப்பதை நர்சிங் படிக்கும்போது பார்த்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்தது. குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பத்து மதிப்பெண் கேள்வி அது.

ஒவ்வொரு பெண்ணாக எழுந்து வாசித்தார்கள். கோடை என்பது காமத்தின் குறியீடு. எனக்குத் தெரிந்து அந்தக் கோடையில் எங்கள் விடுதியில் ஏ.சி. ரிப்பேர், அவ்வளவுதான். அவள் அவனுக்குக் கொடுக்கும் புளிக்கரைசல், காதல் கசப்பில் முடியப்போவதன் முன்னறிவிப்பு. உண்மையில் சூடான்காரர்கள் புளியைக் கரைத்து, சர்க்கரை போட்டு, குளிர வைத்துக் குடிப்பார்கள். ஆய்வகத்திலிருந்த அவர் முதல் தடவை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தபோது, இதில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டால் எங்கள் ஊர் ரசம் என்று சொல்லி நான் சிரித்தேன். அதில் கசப்பு எங்கே வந்தது?

'நோக்குநிலை'க்குத்தான் அதிகக் கைதட்டல். "ஒரு பெண் எழுத்தாளர் ஆணின் மனத்துக்குள் இவ்வளவு நுட்பமாகப் புகுந்திருப்பது தமிழில் அபூர்வம்" என்று துறைத் தலைவி சொன்னார். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு விமர்சகன்கூட, ஒரு வாசகிகூட கண்டுபிடிக்கவில்லையே என்ற பெருமை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியாக இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஒரு சந்தேகம்ங்கம்மா. மூணாவது அத்தியாயத்துல அந்த அண்ணன் சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு மாடியில நிக்கிறாரு. அப்பத்தான் அந்தப் பொண்ணு மொதமொதல்ல பேசுது. எங்க அப்பா மஸ்கட்லதான் இருக்காங்க. அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு ரெண்டு பேருக்குமே டூட்டி இருக்குமே, எப்படிங்கம்மா மாடியில நின்னாங்க?"

துறைத் தலைவி முந்திக்கொண்டார். "அது குறியீடும்மா. சனி. அவங்க காதலுக்குப் பிடிச்ச ஏழரை. நோட்ஸ்ல குடுத்திருக்கேன்ல."

"நோட்ஸ்ல இருக்குங்க மேடம். ஆனா லீவு வெள்ளிக்கிழமைதானே" என்றாள் அந்தப் பெண்.

நான் எழுதியது வெள்ளிக்கிழமை. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது நடந்தது வெள்ளிக்கிழமை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை என்றுதான் அச்சாகியிருந்தது. சொந்தப் புத்தகத்தை அச்சான பிறகு திரும்பப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. படித்தால் பிழைகள்தான் கண்ணில் படும், அவற்றைத் திருத்தவும் முடியாது. வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை போன் செய்யட்டுமா என்று கேட்டாள். செய் என்றேன்.

மறுநாள் வெள்ளி. வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கணவர் தேரடிப் பக்கம் பேப்பர் படிக்கப் போயிருந்தார். முழங்காலைத் திட்டிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்த தகரப் பெட்டியில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, தலைமுடியை விரித்துவிட்டு, ஒரு தொடையில் நோட்டும் இன்னொரு தொடையில் புத்தகமுமாக உட்கார்ந்தேன்.

மூன்றாவது அத்தியாயம். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையை வெயிலில் காயவைத்தபடி மொட்டைமாடியில் நின்றேன்.' அச்சில்: 'சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி மொட்டைமாடியில் நின்றேன்.'

எனக்கு வந்தது கோபம்தான். டைப் அடிக்கிறவர் டைப் அடித்தால் போதாதா? என் வரியில் கை வைக்க இவர் யார்? எனக்குத் தெரியாமல் ஒரு கிழமையையே மாற்றி, மஸ்கட் ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை லீவு விட்டு, ஒரு பேராசிரியையை ஏழரைச் சனி வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வரட்டும், உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று முனகிக்கொண்டே முடியில் சிக்கெடுத்தேன். கையில் ஈர முடி. கண்ணெதிரே 'வெள்ளிக்கிழமை' என்ற என் எழுத்து. அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் எந்த ஆணும் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாட்டான். ஆண்களுக்குப் புதனும் சனியும். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்த கை, மீசை வைத்துக்கொண்ட பிறகும் வெள்ளிக்கிழமையே தேய்த்திருக்கிறது. எழுதிய எனக்கு அது உறுத்தவில்லை. அடித்தவருக்கு உறுத்தியிருக்கிறது.

நோட்டின் ஓரத்தைப் பார்த்தேன். மற்ற பத்திகளுக்கெல்லாம் ஒரு டிக். அந்தப் பத்திக்கு மட்டும் டிக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம். பக்கத்தைப் புரட்டினேன். இன்னொரு வட்டம். ஸ்டோர் கீப்பர் அவளோடு கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது, எட்டு மணிக்குள் விடுதிக்குத் திரும்பாவிட்டால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று நான் எழுதியிருந்தேன். அச்சில் அது, அறை நண்பர்கள் சாப்பிடாமல் காத்திருப்பார்கள் என்று மாறியிருந்தது. உண்மைதான், எந்த ஊரில் ஆண்களின் விடுதியை எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள்? இன்னொரு இடத்தில் ரோட்டில் யாரோ விசிலடிக்க, என் கதாநாயகன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்திருந்தான். புத்தகத்தில் அவன் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறான்.

கடைசி அத்தியாயத்தில் கடைசி வட்டம். அவள் ஊருக்குப் போகும் அன்றைக்கு அவன் வேலைக்கும் போகாமல், விமான நிலையத்துக்கும் போகாமல், பொய் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறான். 'மூன்று நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறேன், மடச்சி. எந்த ஆணுக்கு மூன்று நாள் வயிற்றுவலி வரும்? அச்சில் 'காய்ச்சல்' என்று இருந்தது.

மொத்தம் ஒன்பது வட்டம். ஆணின் மனத்துக்குள் நான் புகுந்திருப்பதாகச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்களே, அந்த ஆணை உண்டாக்கியது நான் இல்லை. நான் எழுதியது முழுக்க ஒரு பெண்ணைத்தான். அவளை வரிக்கு வரி ஆணாக்கி, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி பார்த்துக்கொண்டவர், தேரடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. பதினோரு வருஷமாக இவர் முன்னால் நான் ஒளித்து வைத்திருந்ததை, இவரும் சேர்ந்து ஒளித்திருக்கிறார்.

அந்த முதல் வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விடுதி மாடிக்கும் ஆஸ்பத்திரி ஆண்களின் குடியிருப்பு மாடிக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்துதான். நான் முடியை விரித்து நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சூடான்காரர் எதிர்மாடியில் தன்னுடைய நீள வெள்ளை அங்கியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் பார்த்த முகம்தான். ஒவ்வொரு வாரமும் எண்ணெய் பூசுகிறாயே, தலையில் என்ன நோய் என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது, பாதி ஆங்கிலமும் பாதி ஆஸ்பத்திரி அரபியுமாக.

நான் கறுப்பு. இரண்டு இடத்தில் பெண் பார்க்க வந்து, நிறத்தைச் சொல்லி வேண்டாமென்று போனார்கள். அந்த அவமானத்தில்தான் வேலைக்கு மனுப் போட்டு மஸ்கட் போனேன். அதை ஒருநாள் அவரிடம் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. "கறுப்பு என்றால், யாரைவிடக் கறுப்பு?" என்று கேட்டார். இதை நாவலில் அந்தப் பெண் கேட்பதாக வைத்தேன். எல்லோரும் அடிக்கோடு போட்ட வரி அதுதான். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. விடுதியில் நம் ஊர்ப் பெண்கள் அவருடைய நிறத்தைச் சொல்லி, தலைமுடியைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவரோடு பழக ஆரம்பித்த பிறகும், யாரும் சந்தேகப்படக் கூடாதென்று ஒருமுறை நானும் சேர்ந்து சிரித்தேன். அதை ஆணாக மாறியும் என்னால் எழுத முடியவில்லை.

ஆகஸ்டில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. உன் வீட்டில் கேட்டுப் பார், விமான நிலையத்துக்கு வந்து பதிலைச் சொல் என்றார். நான் வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதிக் கேட்கவில்லை. அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். நாவலிலும் அந்த இடத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டேன், அவன் ஏன் போகவில்லை என்று சொல்லவில்லை. சார்ட்டில் ஒரு பெண் அதற்கும் பெயர் எழுதியிருந்தாள், 'மௌனம்: ஆசிரியரின் கலை வெற்றி' என்று. கலையாவது வெற்றியாவது. சொல்ல எனக்குத் துணிவில்லை.

அன்று முழுக்க நான் கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அவர் தலைநிமிராமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன, மூட்டுவலியா?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் சனி. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, கணவர் காலை நீவிக்கொண்டிருந்தார். நான் சீயக்காய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தேன். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் போன் மத்தியானத்துக்குள் வந்துவிடும்.

"வெள்ளிய எதுக்குச் சனியாக்குனீங்க?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "எங்கிட்டு?"

"மூணாவது அத்தியாயத்துல. நோட்டைப் பாத்துட்டேன்."

உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டார். "ஆம்பள எவன் வெள்ளிக்கிழமை எண்ணெ தேய்ப்பான்? படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"வயித்துவலியக் காய்ச்சலாக்குனது?"

"அதுக்கும் அதேதான்."

"எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமையிலயே சந்தேகம் வந்துருச்சு" என்றார். "ஒத்த எடத்துல கை தவறியிருந்தா தப்புன்னு விட்டிருப்பேன். அடுத்த வாரம் கேட்டைப் பூட்டுவாங்கன்னு எழுதிக் குடுத்தே பாரு."

நான் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீ எழுதுறத நிப்பாட்டியிருப்பே."

"நிப்பாட்டுனா என்ன? ஒங்களுக்கு நல்லதுதானே?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அவ்வளவு புடிச்சிருந்த ஆள விட்டுப்புட்டு நீ எதுக்கு இங்கிட்டு வந்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா? கடைசியில எழுதியிருப்பேன்னு பாத்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் அடிச்சேன். அதுல அது இல்ல."

பதினோரு வருஷமாக மனுஷன் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்து, பக்கத்தில் சாப்பிட்டு, பேத்திக்குக் காது குத்தும்போது பக்கத்தில் நின்று. எல்லோரும் கலை வெற்றி என்று புகழ்ந்த இரண்டு வரிக்குள், இவர் ஒருவர் மட்டும் பதில் தேடியிருக்கிறார். பொய் சொல்லியிருக்கலாம். உங்களுக்காகத்தான் வந்தேன், நீங்கள்தான் எனக்கு என்று எழுதியிருந்தது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அலுத்துப்போயிருந்தது. மறைப்பதுகூட ஒரு வேலைதான், அதிலிருந்தும் ஓய்வு வேண்டியிருந்தது.

"ஒங்களுக்காக வரலங்க" என்றேன். "அப்ப ஒங்களத் தெரியவே தெரியாது. அவருகூடப் போறதுக்குப் பயமா இருந்துச்சு. எங்க அப்பா என்ன சொல்வாரோ, ஊரு என்ன சொல்லுமோ, அவரு நெறத்தப் பாத்துட்டு என்னென்ன பேசுவாங்களோன்னு பயம். அதான் படுத்துக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

கோழி ஒன்று எண்ணெய் சிந்திய இடத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனது.

"அந்த ஆளு ரொம்ப நேரம் நின்னிருப்பாரோ?" என்று கேட்டார்.

"தெரியல. நான் போகலையே."

"பாவம்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். "தண்ணிய ஊத்து. எண்ணெ கண்ணுல எறங்குது."

ஊற்றினேன். இத்தனை வருஷமும் சனிக்கிழமைகளில் ஊற்றியதுதான். சீயக்காயைக் குழைத்துத் தலையில் வைத்துத் தேய்த்தேன். முடி முன்னைவிடக் கொட்டியிருந்தது. அவர் கண்ணை மூடியபடியே, "அந்தக் காலேஜ்ப் புள்ள போன் பண்ணுனா டைப்பிஸ்ட் தப்புன்னு சொல்லிரு" என்றார். "எம் பேர்ல போட்டுரு. ஆபீசுல முப்பது வருசம் அப்படித்தானே போச்சு."

எனக்கு அழுகை வந்தது. சீயக்காய்க் கையால் கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் அதிகமாக வந்தது.

பதினொன்றரை மணிக்கு அந்தப் பெண் பேசினாள். கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு எதிரிலேயே நின்று பேசினேன்.

"நோட்டைப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேம்மா. நீ கேட்டது சரிதான். நான் எழுதுனது வெள்ளிக்கிழமைதான்."

"அப்ப அச்சுப்பிழைங்களாம்மா? டைப் பண்ணவங்க தப்பா அடிச்சிட்டாங்களா?"

கணவர் துண்டைக் கீழே இறக்கி என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல் என்பதுபோலத் தலையாட்டினார்.

"இல்லம்மா" என்றேன். "டைப் அடிச்சவர் மேல ஒரு தப்பும் இல்ல. புத்தகத்துல நீ வெள்ளின்னே திருத்தி வச்சுக்க."

அந்தப் பக்கம் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவளும் இந்த மாவட்டத்துப் பெண்தான், அவள் வீட்டிலும் கிழமை பார்த்துத்தான் எண்ணெய் தேய்ப்பார்கள்.

"ஆனா ஆம்பளைங்க வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்க மாட்டாங்களேம்மா" என்றாள், மெதுவாக.

"ஆமாம்மா" என்றேன். "தேய்க்க மாட்டாங்க."